செண்டை முழங்க, செவி பொத்தும் பிள்ளை

நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரம் கோட்டைக்குள் கூட்டம் நெரியும். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறும். தேவாரக்கட்டுச் சரஸ்வதி யானை மேல் ஏறுவாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன்வர, தமிழ்நாடு, கேரளம் இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செலுத்த, ஊர்வலம் திருவனந்தபுரம் நோக்கிக் கிளம்பும். மேளம், பேண்டு, குரவை, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த செல்போன்கள். இப்படியொரு கூட்டத்தில் ஏதோ ஒரு பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கதறும். அம்மா அதை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்களை விலக்கி வெளியேறுவாள். அடுத்த வருஷம் அந்த வீட்டார் வருவதில்லை.

இப்படிப்பட்டவர்களுக்காகத் திருவிழாத் திடலருகே அமைதியான ஓர் இடம் ஒதுக்குங்கள் என்று கேட்டால் ஊரில் கிடைக்கும் பதில்கள் ஏறத்தாழ மனப்பாடமானவை.

“எல்லாம் அடம். ரெண்டு வச்சா சரியாப் போவும்.”

அடம் பிடிக்கிற பிள்ளை ஓரக்கண்ணால் நம்மைப் பார்த்துக்கொண்டே அழும். பலூன் கைக்கு வந்ததும் அழுகை நின்றுவிடும். நான் சொல்வது வேறு. பலூனும் வேண்டாம், மிட்டாயும் வேண்டாம், தூக்கினாலும் திமிறும், தொட்டால் இன்னும் கூடும். சத்தம், வெளிச்சம், வாசனை, ஆள் உரசல் எல்லாவற்றையும் மூளையால் வடிகட்டிப் பிரிக்க முடியாமல், அவை மொத்தமாக வந்து மோதும்போது நடப்பது இது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு. மருத்துவர்கள் கையாளும் அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, புலன் தூண்டல்களுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. அடித்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே தாங்க முடியாத உடம்பில் வலியும் சேரும்.

கத்தாத பிள்ளையும் இருக்கிறது. அப்படியே உறைந்துபோய், கூப்பிட்டால் திரும்பாமல், ஒரே இடத்தை வெறித்துக்கொண்டிருக்கும். “எவ்வளவு சமத்தா இருக்கான் பாரு” என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். அவனும் வெளியே போக வேண்டியவன்தான்.

“கூட்டிட்டு வந்து பழக்குனா மாறிரும்.”

பாதி உண்மை. தொலைவில் நின்று பத்து நிமிஷம், அடுத்த முறை கொஞ்சம் கிட்டே என்று, பிள்ளையின் போக்கில் பழக்கலாம். செண்டைக்காரர் முன்னால் பிடித்து நிறுத்துவதற்குப் பெயர் பழக்கம் இல்லை. படிப்படியாகப் பழக்க நினைப்பவர்களுக்குத்தான், முடியாதபோது பின்வாங்க ஓர் இடம் அவசியம். இல்லையென்றால் பின்வாங்குவது என்றாலே வீட்டுக்குப் போவதுதான்.

“அதுக்கெல்லாம் லட்சக்கணக்கில் செலவாகும்.”

இந்த எண்ணத்துக்கு விற்பனைப் பட்டியல்களே காரணம். குமிழி விடும் கண்ணாடிக் குழாய், நிறம் மாறும் இழை விளக்கு, இறக்குமதி மெத்தை. ஆனால் இந்த வகை அறைகளின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஒரு கூடாரத்தில்தான் போய் நிற்போம். 1970களின் இறுதியில், நெதர்லாந்தில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான ஹார்ட்டன்பர்க் இல்லத்தில் பணிபுரிந்த யான் ஹுல்செகே, ஆட் வெர்ஹூல் இருவரும் அங்கே நடந்த கோடை விழா ஒன்றில் புலன்களுக்கென்று ஒரு கூடாரம் அடித்தார்கள். விசிறிக் காற்றில் பறக்கும் காகிதத் துண்டுகள், தண்ணீரில் கலந்த மையைச் சுவரில் பாய்ச்சிய ஒளி, தொட்டுப் பார்க்கச் சில பொருட்கள். பிறகு ‘ஸ்னூசலன்’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது இதுதான். தொடக்கம், கையில் கிடைத்ததை வைத்துச் செய்த ஒரு திருவிழாப் பந்தல்!

நமக்கு வேண்டியதோ அதைவிடவும் குறைவு. அங்கே புலன்களைத் தூண்டவும் செய்தார்கள். திருவிழாவில் தூண்டல் ஏற்கெனவே தேவைக்கு மேல் கொட்டிக் கிடக்கிறது, கழிப்பதுதான் வேலை. பக்கத்துப் பள்ளியில் ஒரு வகுப்பறை போதும். சோக்கு போட்ட பழைய டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், அதன் துடிப்பே சிலருக்குத் தாங்காது. ஜன்னலுக்கு ஒரு வேட்டி கட்டினால் சீரியல் விளக்கு தெரியாது. இரண்டு கோரைப்பாய், சுவரோரம் சாய்ந்துகொள்ளத் தலையணை, கனமான ஒரு போர்வை, பனைவிசிறி, குடிநீர். தொழிற்கூடங்களில் மாட்டுகிற காதுமூடி நான்கைந்து வாங்கி வைத்தால் 20 டெசிபெல்லுக்கு மேல் சத்தம் குறையும். சாம்பிராணியும் ரூம் ஸ்பிரேயும் வேண்டாம். ஜெனரேட்டருக்கும் சாப்பாட்டுப் பந்திக்கும் எட்ட இருக்கட்டும், கழிப்பறைக்குக் கிட்டே இருக்கட்டும்.

அரைவெளிச்சம் மனதை எப்படி அடக்கும் என்பதற்கு நெதர்லாந்து வரை போக வேண்டியதும் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனையில், மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் ஏறிப் பாருங்கள். மரச்சட்டங்களும் வண்ண மைக்காவும் வெயிலை வடிகட்டித்தான் உள்ளே விடுகின்றன. கால் வைத்தால் கருந்தரை குளிர்கிறது. உள்ளே வருகிறவர்கள் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்துகிறார்கள் (பள்ளிச் சுற்றுலாப் பேருந்து வந்து இறங்கும் வரை).

“இப்ப இடம் கேப்பாங்க, நாளைக்கு மேளத்தை நிறுத்தச் சொல்லுவாங்க.”

மேளம் இல்லாத திருவிழாவை யாரும் கேட்கவில்லை. தூரம் போதும். திறந்தவெளியில் ஒரே இடத்திலிருந்து வரும் ஒலி, தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபெல் குறையும். 10 மீட்டரில் 100 டெசிபெல் இருந்தால் 80 மீட்டரில் 82. நடுவே சுவர் ஒன்று நின்றால் இன்னும் குறையும். இந்தக் கணக்கைக் கெடுப்பது செண்டை அல்ல, கம்பத்துக்குக் கம்பம் கட்டுகிற குழாய் ஒலிபெருக்கி. அறை இருக்கும் தெருவில் இரண்டு குழாயைக் கட்டாமல் விட்டால் சாமிக்கு ஒரு குறையும் வராது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள் மட்டும் அரசு நள்ளிரவு வரை விலக்கு தரலாம் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்வது தனிக் கதை. அதை நம் ஊர்களில் யார் மதிக்கிறார்கள் என்பது அதைவிடத் தனிக் கதை.

“பிள்ளையை அங்க விட்டுட்டு நிம்மதியா சாமி கும்பிடலாம்.”

ஆதரிக்கிறவர்களிடமே இருக்கும் தவறான எண்ணம் இது, அதனால்தான் அதிக ஆபத்தானது. அது பிள்ளைகளை ஒப்படைக்கும் காப்பகம் அல்ல. தொந்தரவு செய்பவனைக் கொண்டுபோய் அடைக்கும் அறையும் அல்ல. கதவுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடாது. பிள்ளையோடு வீட்டார் ஒருவர் இருக்க வேண்டும். தன்னார்வலர் எப்போதும் இரண்டு பேராக, வாசலிலிருந்து கண்ணில் படும்படி இருக்க வேண்டும். வருகிறவரிடம் “என்ன பிரச்சினை, சர்டிபிகேட் இருக்கா” என்று விசாரிக்கக் கூடாது. தானாகப் போய், தானாகத் திரும்பி வந்து யானையைப் பார்க்க முடிகிற இடம் என்றால்தான் அடுத்த முறை அந்தப் பிள்ளை உள்ளே போகச் சம்மதிக்கும். ஒற்றைத் தலைவலிக்காரர், மறதிநோய் வந்த தாத்தா, கைக்குழந்தைக்காரி யாரும் வந்து உட்காரலாம்.

“நம்ம ஊர்ல அப்படி யாரு இருக்கா?”

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். அந்தக் கணக்கில், சிவராத்திரி இரவு கல்குளம் நீலகண்டசுவாமி கோயிலைக் கடக்கும் கூட்டத்தில் 10,000 பேருக்கு 80 பேர் வரை இருக்க வேண்டும். கண்ணில் படவில்லை என்றால் அவர்கள் வருவதை நிறுத்தியிருப்பார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் 21 வகைகளில் ஒன்றாக ஏற்கிறது. பண்பாட்டு நிகழ்வுகளில் மற்றவர்களுக்குச் சமமாகக் கலந்துகொள்ளும் உரிமையை அதன் 29ஆம் பிரிவு பேசுகிறது. அரசும் நகராட்சியும் அதற்கு ஆவன செய்ய வேண்டும் என்கிறது.

எனவே முதல் வருஷம் பாய் விரித்து வைத்தும் ஒருவரும் வராமல் போகலாம். கமிட்டியில் யாராவது “பாத்தீங்களா, தேவையே இல்ல” என்று சொல்லத்தான் செய்வார். எடுத்துவிட வேண்டாம். தக்கலை வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்களுக்கு எந்தெந்த வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரியும், அங்கன்வாடி அக்காமாருக்கும் தெரியும். அவர்கள் வழியாகச் சொல்லி அனுப்புங்கள். திருவிழா நோட்டீஸில் அன்னதானம் எங்கே, வாகனம் நிறுத்துவது எங்கே என்று அச்சடிக்கிற பக்கத்தில் இதற்கும் ஒரு வரி, வழியோடு.