ஏலத்தில் ஃபார்வர்டு

அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை.

அன்புள்ள மருமகன் அறிய,

ஹாக்கி இந்தியா லீக்கில் வீரர்களை அணிகள் ஏலத்தில் எடுக்கின்றன. அமெரிக்கா, கனடா நாடுகளின் ஐஸ் ஹாக்கியில் நடைமுறை வேறு. அங்கே அணிகள் வரிசை வைத்து, முறை வரும்போது அணிக்கொரு இளைஞரை எடுத்துக்கொள்ளும். 2016இல் முதலில் எடுக்கும் முறை டொரன்டோ அணிக்கு. ஆஸ்டன் மேத்யூஸ், பாட்ரிக் லைனே என்ற இரண்டு ஃபார்வர்டுகளில் அது மேத்யூஸை எடுத்தது. அடுத்து நின்ற வின்னிபெக் லைனேயை எடுத்தது. முதல் இரண்டு சீசன் முடிவில் லைனே 80 கோல், மேத்யூஸ் 74. டொரன்டோ ஏமாந்துவிட்டதாகவே அப்போது தோன்றியிருக்கும். லைனே விங்கில் நின்று அடிப்பதில் வல்லவர். மேத்யூஸ் நடுவில் ஆடி, தடுப்பையும் தாக்குதலையும் சேர்த்துச் சுமக்கும் சென்டர். அதே மேத்யூஸ் 2023-24 சீசனில் மட்டும் 69 கோல் அடித்தார்.

ஏலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. யார் சிறந்தவர் என்பதோடு, எவ்வளவுக்குச் சிறந்தவர் என்பதையும் அங்கே முடிவுசெய்ய வேண்டும். 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஏலத்தில் ஆண்கள் அணி ஒவ்வொன்றின் கையிலும் 4 கோடி ரூபாய் இருந்தது. அதற்குள் 24 பேர்: எட்டு வெளிநாட்டவர், பதினாறு இந்தியர், அந்தப் பதினாறில் நால்வராவது ஜூனியர்கள். தமிழ்நாடு டிராகன்ஸ் அணி யிப் யான்சனுக்கு 54 லட்சம், அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம், கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டுக்கு 32 லட்சம் கொடுத்தது. மிஞ்சிய 266 லட்சத்தில் இன்னும் 21 பேரை எடுக்க வேண்டும்; தலைக்குப் பதின்மூன்று லட்சம்கூட வராது. மூன்று பேருமே தற்காப்பு வரிசையில் நிற்பவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. அந்த நிலையில் ஃபார்வர்டுக்குக் கை தூக்குபவர் கணக்கைத் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் தூக்க வேண்டும்.

கோல் எண்ணிக்கையை அப்படியே நம்புவதுதான் தேர்வாளர்கள் செய்யும் பெரிய பிழை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணி அடித்தது 15 கோல். அவற்றில் பத்து, டிராக் பிளிக் அடிக்கும் டிஃபெண்டர் ஹர்மன்பிரீத் சிங்குடையவை. ஃபார்வர்டு அபிஷேக்குக்கு இரண்டுதான். ஆனாலும் சில மாதங்களில் வந்த ஏலத்தில் ஹர்மன்பிரீத் 78 லட்சத்துக்கும் அபிஷேக் 72 லட்சத்துக்கும் போனார்கள். டிராக் பிளிக் அடிக்க வாய்ப்புத் தரும் பெனால்டி கார்னர் தானாகக் கிடைப்பதில்லை. 14.63 மீட்டர் ஆரமுள்ள ‘டி’ வட்டத்துக்குள் எவரோ புகுந்து, திரும்பி, எதிராளியின் காலில் பந்து படும்படியோ அவர் வேறு தவறு செய்யும்படியோ ஆக்கினால்தான் பெரும்பாலும் விசில் ஒலிக்கும். ஸ்கோர்கார்டில் அந்த ஆளின் பெயர் வராது.

ஆகவே அணியில் எந்த இடம் காலி என்பது முதலில் தெளிவாக வேண்டும். யான்சனைப் போன்ற டிராக் பிளிக்கர் கையில் இருந்தால், கார்னர் வாங்கித் தரும் ஃபார்வர்டுக்கு மதிப்பு இரட்டிப்பு. பிளிக்கர் இல்லாத அணி, ஓடுகிற ஓட்டத்தில் ரிவர்ஸ் ஹிட்டில் முடிக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டும். விதியும் விலையை மாற்றும்: 2016 லீக்கில் ஒரு பீல்டு கோல் இரண்டு கோலாகக் கணக்கிடப்பட்டது, அந்த ஆண்டில் முடிப்பவருக்கே முதலிடம்.

அடுத்தது, ஆளைப் பார்க்கும் விதம். தீபத் திருவிழாவை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் சந்தையில் மாடு பிடிப்பவர் கொம்பின் வர்ணத்தைப் பார்த்துப் பணத்தை எண்ணுவதில்லை, நடக்கவிட்டுப் பார்ப்பார். ஹைலைட்ஸ் வீடியோ கொம்பு வர்ணம்தான். முழு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். அதிலும் பந்து அவரிடம் இல்லாத நேரத்தை. 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு கொண்ட ஆட்டத்தில் ஃபார்வர்டுகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெஞ்சுக்குப் போய்த் திரும்புவார்கள். திரும்பி வந்த உடனே எதிரணி டிஃபெண்டரை விரட்டுகிறாரா, நான்காம் கால்பகுதியிலும் அதே வேகம் இருக்கிறதா, வேகமாக வரும் பாஸை முதல் தொடுதலிலேயே அடக்குகிறாரா என்பவை முக்கியம். ஜூனியர்களில் இந்த முதல் தொடுதலுக்கே அதிக மதிப்பெண் தரலாம். அடியின் பலம் வயதோடு வளரும், முதல் தொடுதலைப் பின்னால் திருத்துவது கடினம்.

ஊர்ப்பாசம் தனி விஷயம். அரியலூரில் பிறந்து கோவில்பட்டி விடுதியில் பயின்ற செல்வம் கார்த்தி, 2022 ஆசியக் கோப்பையில் தம் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தவர். டிராகன்ஸ் அணியிலும் ஆடினார். அவரை எடுக்க அவருடைய ஆட்டத்திறனே போதிய காரணம். தமிழர் என்பது, மற்றதெல்லாம் சமமாக நிற்கும்போது மட்டுமே தராசில் ஏறலாம்.

அந்த ஏலத்தைத் தொடர்ந்து நடந்த லீக்கின் இறுதி ஆட்டத்தில், 2025 பிப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில், பெங்கால் டைகர்ஸ் 4-3 என ஹைதராபாத்தை வென்றது. மூன்று கோல் டிஃபெண்டர் ஜுக்ராஜ் சிங்குடையவை. வெற்றி கோல் நியூசிலாந்து ஃபார்வர்டு சாம் லேனுடையது. 72 லட்சத்துக்கு எடுக்கப்பட்ட அபிஷேக்கின் பெயர் கோல் அடித்தவர்கள் பட்டியலில் இல்லை. ஆனால் கோப்பை அவருடைய அணியான பெங்காலுக்குத்தான் போனது.

இப்படிக்கு,
தாய்மாமன்