அமானிதமும் அலைகடலும்: வணிகக் கப்பல்களில் போதைப்பொருள் கடத்தலைத் தடுத்தல்

முன்னுரை

பரவை என்னும் சொல்லுக்குக் கடல் என்பது பொருள். மதுரைக்கு வடமேற்கே, வயலும் கண்மாயும் காய்கறிச் சந்தையும் சூழ்ந்த நம் பரவையிலிருந்து தூத்துக்குடிக் கடலைக் காண ஏறத்தாழ 150 கிலோமீட்டர் செல்ல வேண்டும். எனினும் கடல் நமக்கு அயலன்று. மதுரை வட்டாரத்துச் சரக்குகள் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே வெளிநாடு செல்கின்றன. இங்குள்ள இளைஞர்கள் கடல்சார் கல்வி பெற்றுக் கப்பலேறுகின்றனர். தென்கடற்கரையில் பிடிபடும் போதைப்பொருள் வழக்குகள் பலவும் மதுரைச் சிறப்பு நீதிமன்றத்திற்கே விசாரணைக்கு வருகின்றன. ஆதலின், வணிகக் கப்பல்களில் போதைப்பொருள் கடத்தப்படுவதும் அதனைத் தடுக்கும் வகையும் நாம் அறிய வேண்டியவையே ஆகும்.

பண்டைத் துறைமுகக் காவல்

துறைமுகக் காவல் தமிழர்க்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் அயராது பணிபுரிந்த சுங்கத்தாரை நமக்குக் காட்டுகிறது. கடலிலிருந்து நிலத்திற்கும் நிலத்திலிருந்து கடலுக்கும் செல்லும் பண்டங்களின்மீது சோழரின் புலி இலச்சினையைப் பொறித்து, காவல் மிக்க முற்றத்தில் அவர்கள் குவித்து வைத்தனர். ‘இப்பொதி அரசின் பார்வைக்கு உட்பட்டது’ என்பதே அவ்விலச்சினை உணர்த்திய உறுதிமொழி எனலாம்.

பின்னாளில் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய துறைகளிலிருந்து இலங்கைக்கும் மலாய் நாடுகளுக்கும் கலம் செலுத்திய முஸ்லிம் வணிகர்களும் நம்பிக்கையையே முதலாகக் கொண்டு வாணிபம் செய்தனர். பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை ‘அமானிதம்’ என்பது நம் வழக்கு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுமுன்னரே அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகப் பொருள்களைச் சிரியாவுக்குக் கொண்டு சென்று நேர்மையுடன் விற்றுவந்தார்கள். ‘அல்அமீன்’ என அழைக்கப்பட்டார்கள். கப்பலில் ஏறும் ஒவ்வொரு சரக்கும் ஓர் அமானிதமே. போதைப்பொருள் கடத்துவோன் முதலில் களவாடுவது இந்த நம்பிக்கையைத்தான்.

கடத்தல் நிகழும் மூன்று வழிகள்

முதல்வழி, கண்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகம். ஏற்றுமதியாளரும் இறக்குமதியாளரும் அறியாமலே, இடைப்பட்ட துறைமுகம் ஒன்றில் பெட்டகத்தின் முத்திரைப் பூட்டை உடைத்து, பொதிகளைத் திணித்து, அதே எண் பொறித்த போலிப் பூட்டை மாட்டிவிடுவர். சேருமிடத்தில் அவர்களின் கூட்டாளிகள் முந்திச் சென்று எடுத்துக்கொள்வர். சில வேளைகளில் இறக்குமதியே கடத்தலுக்காகப் புனையப்படுவதும் உண்டு.

2021 ஏப்ரலில் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் மரத்தடிகள் ஏற்றிய பெட்டகம் ஒன்றை வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகத்தார் சோதித்தனர். தடிகளின் வரிசைகளுக்கிடையே 300 கிலோவுக்கும் மேற்பட்ட கொக்கைன் இருந்தது. பனாமாவில் புறப்பட்ட அப்பெட்டகம் ஆன்ட்வெர்ப், கொழும்பு ஆகிய துறைமுகங்களைக் கடந்து வந்திருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில், ஆப்கானிஸ்தானத்து மாக்கல் என்ற பெயரில் ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக வந்த பெட்டகங்களில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் கைப்பற்றப்பட்டது.

இரண்டாம் வழி, கப்பலின் உடல். நீர்மட்டத்திற்குக் கீழே கடல்நீரை உள்வாங்கும் அறையிலும், சுக்கானுக்கு மேலுள்ள குழியிலும் முக்குளிப்போர் பொதிகளைக் கட்டிவிடுவர். கப்பலில் உள்ளோர் எவரும் இதனை அறியார்.

மூன்றாம் வழி, பணியாளர் துணை. 2019 ஜூனில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா துறைமுகத்தில் ‘எம்.எஸ்.சி. கயானே’ என்னும் பெருங்கப்பலில் ஏறத்தாழ 20 டன் கொக்கைன் பிடிபட்டது. நடுக்கடலில் விரைவுப் படகுகள் கொணர்ந்த பொதிகளைப் பணியாளர் சிலரே கப்பலின் பாரந்தூக்கியால் மேலேற்றியிருந்தனர். நம் கடலிலும் இதற்குச் சான்று உண்டு. 2025 மார்ச்சில் தூத்துக்குடியிலிருந்து பாறைக்கற்களுடன் மாலத்தீவு நோக்கிச் சென்ற இழுவைக் கப்பலையும் அதன் பார்ஜையும் கடலோரக் காவல்படையினர் நடுக்கடலில் மறித்துத் திருப்பிக் கொணர்ந்தனர். அதில் ஏறத்தாழ 30 கிலோ ஹஷீஷ் எண்ணெய் சிக்கியது. கைதானவர்களுள் கப்பல் பணியாளரும் இருந்தார்.

‘அறியேன்’ என்னும் சொல்லின் எல்லை

2024 ஜூலையில் சிங்கப்பூர்க் கொடி தாங்கிய சரக்குக் கப்பல் ஒன்றை இந்தோனேசியாவின் கரிமுன் தீவருகே அதிகாரிகள் சோதித்தனர். 106 கிலோ மெத்தஃபெட்டமின் இருந்தது. கைதான மூவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். 2025 ஏப்ரலில் அங்குள்ள மாவட்ட நீதிமன்றம் அவர்களுக்கு மரணதண்டனை விதித்தது. அவர்கள் குற்றமுடையரா, குற்றமற்றவரா என்று கூறுவது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் அயல்நாட்டு மொழியில், அயல்நாட்டுச் சட்டத்தின்முன் நின்று, உயிருக்காக வழக்காட வேண்டிய நிலை தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு வந்துவிட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

நம் நாட்டுச் சட்டமும் கடுமையானதே. போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. அதன்படி 250 கிராம் ஹெராயினோ 100 கிராம் கொக்கைனோ வணிக அளவை எட்டிவிடும். வணிக அளவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டுகள் வரை கடுங்காவல் உண்டு. பொதுவாகக் குற்ற எண்ணத்தை அரசுத் தரப்பே மெய்ப்பிக்க வேண்டும். இச்சட்டத்தின் 35ஆம் பிரிவோ குற்ற எண்ணம் இருந்ததாகவே முதலில் கொள்கிறது. இல்லை என்பதை ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் கடன். 60ஆம் பிரிவின்படி, கடத்தலுக்குப் பயன்பட்ட ஊர்தி பறிமுதலாகாமல் தப்ப வேண்டுமாயின், தமக்கும் தம் முகவருக்கும் ஊர்திப் பொறுப்பாளருக்கும் அது தெரியாது என்று உரிமையாளர் சொன்னால் மட்டும் போதாது. உரிய முன்னெச்சரிக்கைகள் அனைத்தையும் எடுத்திருந்ததாகவும் காட்ட வேண்டும்.

இதனால் பெறப்படும் உண்மை யாது? அறியாமை காப்பாகாது, எச்சரிக்கையாக இருந்ததற்கான சான்றே காப்பாகும்.

தடுப்பு நெறிகள்

கப்பல்களில் போதைப்பொருள் கடத்தலைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1997இல் வெளியிட்டு, 2006இல் திருத்தியது. கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் உரிய பன்னாட்டுப் பாதுகாப்பு நெறித்தொகுப்பு 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. நடைமுறையில் கப்பலார் செய்ய வேண்டுவனவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. துறைமுகத்தில் நிற்கும்போது கேங்வே எனப்படும் ஏணிப்படியில் எந்நேரமும் காவல் வேண்டும். வந்துபோவோர் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

2. இரவில் கப்பலின் இருபுறத்து நீர்ப்பரப்பிலும் ஒளி விழ வேண்டும். நெருங்கும் படகுகளையும் நீர்க்குமிழிகளையும் கண்காணிக்க வேண்டும்.

3. பெட்டகங்களின் முத்திரைப் பூட்டைக் கையால் இழுத்துப் பார்த்து, எண்ணை ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும்.

4. நங்கூரச் சங்கிலி அறை, வண்ணப்பூச்சு அறை, வெற்றறைகள் ஆகியவற்றைப் பூட்டி வைக்க வேண்டும். புறப்படுமுன் பகுதி பகுதியாகச் சோதித்துக் கையொப்பமிட வேண்டும். ஐயமுள்ள துறைமுகங்களில் அடிப்பகுதியை முக்குளிப்போரைக் கொண்டு பார்க்க வேண்டும்.

5. ஐயத்திற்குரிய பொதி தென்பட்டால் பிரிக்கலாகாது, தொடலாகாது. இருவராக நின்று பார்த்து, படமெடுத்து, கேப்டனிடம் கூறி, அவ்விடத்தை அடைத்துக் காவலிட்டுத் துறைமுக அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும்.

6. ‘ஊரில் கொடுத்துவிடு’ என்று எவர் தரும் பொட்டலத்தையும் உள்ளே இருப்பதைப் பாராமல் வாங்கலாகாது.

இந்நெறிகளுட் பெரும்பாலானவை எழுதி வைத்தலையும் சாட்சி வைத்தலையும் சார்ந்திருத்தல் காண்க. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறும் சாட்சிகளை அமர்த்துமாறும் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் பணிக்கிறது. நம்பிக்கை உள்ள இடத்தில் எழுத்து எதற்கு என்று சிலர் வினவலாம். நம்பிக்கையைக் காப்பதற்கே எழுத்து. நள்ளிரவுக் காவலில் இளம் மாலுமி ஒருவன் பதிவேட்டில் எழுதும் ஒரு வரி, பின்னொரு நாள் அவனையும் அவன் தோழர்களையும் சிறையிலிருந்து காக்கக்கூடும்.

நிறைவுரை

தடுப்பு கப்பலில் மட்டும் தொடங்குவதன்று; வீட்டிலும் ஊரிலும் தொடங்குவது. பெருந்தொகை வாங்கிக்கொண்டு, உரிமமின்றி, பெயர் அறியாக் கப்பல்களில் பிள்ளைகளை ஏற்றிவிடும் முகவர்கள் உள்ளனர். ஆள் சேர்க்கும் முகவர் மத்திய அரசின் கப்பல் துறை உரிமம் பெற்றவரா, பணி ஒப்பந்தம் எழுத்தில் உள்ளதா, கப்பலின் பெயரும் கொடியும் யாவை என்று பெற்றோர் கேட்டறிதல் வேண்டும். படித்தறிய இயலாத பெற்றோர்க்கு ஜமாஅத்துப் பெரியோரும் கல்லூரி ஆசிரியரும் துணை நின்று அவற்றைப் படித்துக் கூறலாம்.

மாணவர்களே! போதையை நாடாதிருத்தல் ஓர் அறம். அது நம் கைவழியே, நம் கப்பல்வழியே மற்றொருவன் வீட்டை அடையாமல் காத்தல் அதனினும் கடினமான அறம். கடலேறப் போகின்றவர்கள் தம் தொழிலின் முதற்பாடமாக இதனைக் கொள்வார்களாக.