பில் தொலைந்தாலும் உரிமை தொலையாது
வாங்கிய பத்தே நாளில் மிக்ஸி பழுது, பில்லைக் காணோம். கடைக்காரர் கைவிரித்தால் அப்படியே திரும்பிவிடாதீர்கள்.

ரொக்க வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்னும் அல்பகரா 282ஆம் வசனமே, சாட்சி வைத்துக்கொள்ளவும் சொல்கிறது. ஜிபே பதிவு, வங்கிக் கணக்கு விவரம், கடை முத்திரையுள்ள வாரண்டி அட்டை, உடன் வந்தவர் எல்லாமே சாட்சிதான். செல்பேசி எண் கொடுத்திருந்தால் கடைக் கணினியில் பில் நகலைத் தேடச் சொல்லுங்கள்.

பில் தராததும், பழுதான பொருளைக் குறித்த கெடுவுக்குள், கெடு இல்லையேல் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 எண்ணில் புகார் செய்யலாம்.

ஒரு நினைவூட்டல்: நாமே கைதவறி உடைத்ததைப் பழுதென்று சொல்லித் திருப்புவது மோசடி. குறையை மறைத்து விற்பதும் அப்படியே. கடை வைத்திருக்கும் சகோதரர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.