முதல் வகுப்புக்கு முந்தைய ஐந்து ஆண்டுகள்

ஜூன் மாதத்தில் முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளுக்கு ஏறத்தாழ ஒரே வயதுதான். ஆனால் அவர்கள் ஒரே நிலையில் வருவதில்லை. ஒரு குழந்தை வந்த அன்றே தன் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பத்து வாக்கியம் பேசும். இன்னொரு குழந்தை பெயரைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்ளும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பைக் கையாளும் நான், இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுவதை அடிக்கடி கேட்கிறேன். ஒன்று, "பிள்ளை பிறவியிலேயே மந்தம்". மற்றொன்று, "வீட்டில் வசதி இல்லை". இரண்டையும் சொல்லி முடித்தபின் ஆசிரியர் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றாகிவிடுகிறது. பிறந்ததிலிருந்து பள்ளிக்கு வரும்வரை அந்தக் குழந்தையோடு யார், எவ்வளவு பேசினார்கள், விளையாடினார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஜமைக்காவில் நடந்த ஆய்வு

இக்கேள்விக்குத் தெளிவான விடை தரும் ஆய்வு ஒன்று ஜமைக்கா நாட்டின் தலைநகர் கிங்ஸ்டனில் 1986-87இல் தொடங்கியது. சாலி கிரந்தம்-மெக்ரெகர் தலைமையிலான குழுவினர், வறிய குடும்பங்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தனர். அவர்கள் 9 முதல் 24 மாத வயதினர். குழந்தைகள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். முதல் பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால் சார்ந்த சத்துணவு வழங்கப்பட்டது. இரண்டாம் பிரிவுக் குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரந்தோறும் ஒரு மணி நேரம் சென்றார். மூன்றாம் பிரிவுக்கு இவ்விரண்டும் கிடைத்தன. நான்காம் பிரிவுக்கு இவை இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது.

வீட்டுக்குச் சென்ற பணியாளர் குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினார். பொருள்களின் பெயரைச் சொல்வது, குழந்தை செய்வதைப் பாராட்டுவது, அதன் ஒலிக்குப் பதில் சொல்வது ஆகியவையே பாடம். வீட்டில் கிடைத்த பொருள்களால் செய்த பொம்மைகளே கருவிகள்.

இரண்டு ஆண்டு முடிவில் சத்துணவு, விளையாட்டு இரண்டுமே வளர்ச்சியை உயர்த்தியிருந்தன. இரண்டும் பெற்ற குழந்தைகள் மிகுதியாக முன்னேறினர். சுமார் 20 ஆண்டுகள் கழித்து அவர்களை மீண்டும் சந்தித்தபோது, விளையாட்டும் பேச்சும் பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீண்டகாலப் பயன் காணப்படவில்லை. இம்முடிவுகள் 2014இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயின. இதனால் உணவு தேவையில்லை என்று பொருளாகாது. உணவு கொடுத்தால் மட்டும் போதாது என்பதே இதன் பொருள்.

நாம் பார்க்கும் வீடுகள்

மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாகச் செல்லும்போது இதை நான் கண்ணால் காண்கிறேன். ஒரே தெருவில், ஒரே கூலி வாங்கும் இரண்டு வீடுகள். ஒன்றில் பாட்டி வேர்க்கடலை உரித்தபடி மூன்று வயதுப் பேரனிடம், "இது பெருசா, அது பெருசா?" என்று கேட்கிறார். மற்றொன்றில் தாயும் தந்தையும் விடியுமுன் செங்கல் சூளைக்குப் போய்விடுகின்றனர். குழந்தை நான்காம் வகுப்பு படிக்கும் அக்காவிடமும் கைப்பேசியிடமும் இருக்கிறது. இரண்டாவது வீட்டில் பாசம் குறைவில்லை. நேரமும் ஆளும்தான் இல்லை. எனவே பெற்றோரைக் குறை கூறும் அறிவுரை பயன் தராது.

உடல்நலத்தையும் பார்க்க வேண்டும். பதில் சொல்லாத குழந்தைக்குக் காதில் சீழ் இருக்கலாம், இரத்தசோகை இருக்கலாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அக்குழந்தையை முதலில் காட்டுவது நல்லது. வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் குழந்தை, தமிழ் வகுப்பில் அமைதியாக இருப்பதைக் கொண்டு அதற்குப் பேச்சு வரவில்லை என்று முடிவு செய்யக் கூடாது.

பெற்றோரிடம் என்ன சொல்லலாம்?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் தாயின் இடுப்பில் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை இருக்கும். நாம் பேச வேண்டியது அந்தக் குழந்தையைப் பற்றியும்தான். நான் சொல்லிவருபவை இவை:

1. தனி நேரம் ஒதுக்க வேண்டாம். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, துணி மடிக்கும்போது செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.
2. குழந்தை விரல் நீட்டினால் அந்தப் பொருளின் பெயரைச் சொல்லுங்கள். அது மழலையில் ஏதாவது சொன்னால் பதில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.
3. மூடி, கிண்ணம், புளியங்கொட்டை, தேங்காய்ச் சிரட்டை போதும். கடைப் பொம்மை வேண்டியதில்லை. சிறு பொருள்களை வாயில் போடும் வயதில் மட்டும் கவனம் தேவை.
4. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி ஒரு வயதுக் குழந்தைக்கும் அதற்குக் கீழுள்ளோருக்கும் திரை வேண்டாம். 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.
5. குழந்தையை அங்கன்வாடிக்குத் தவறாமல் அனுப்புங்கள்.

வகுப்பில் செய்யக்கூடியவை

தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் மூன்று, நான்காம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு கதையையோ ஒரு விளையாட்டையோ வாரம் ஒன்றாகக் கற்றுக்கொடுத்து, "வீட்டில் பாப்பாவுக்குச் சொல்லிக் காட்டு" என்று அனுப்புகிறேன். திங்கட்கிழமை, "பாப்பா என்ன செய்தது?" என்று கேட்பேன். பதில் சொல்லும் ஆர்வத்திலேயே மூத்த குழந்தையின் வாய்மொழித் திறனும் வளர்கிறது.

முதல் வகுப்பில் பேசாத குழந்தைக்கு முதல் மாதத்தில் எழுத்தைவிடப் பேச்சுக்கே கூடுதல் நேரம் தரலாம். தினமும் இரண்டு நிமிடம், அக்குழந்தையோடு மட்டும், அதன் வீட்டு ஆடு, கோழி, பாட்டி பற்றிப் பேசினால் போதும். கேள்வி கேட்டபின் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். பதிலுக்குக் காத்திருக்கும் ஒருவரை அக்குழந்தை இதுவரை அதிகம் பார்த்திருக்காது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பற்றிப் பேசுவதற்கு முன், "நேற்று உங்கள் பிள்ளை உங்களிடம் என்ன கேட்டது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல இயலாத பெற்றோர், அன்று மாலை பிள்ளை கேட்பதைக் கவனிக்கத் தொடங்குவார்கள்.