மலைத்தடத்தில் பெரிய வண்டி: கொழுக்குமலை தரும் பாடம்

நம் சங்கத்து அன்பர்கள் பலரிடம் பெரிய பிக்கப் டிரக் இருக்கிறது. "அமெரிக்க மலைகளில் ஓட்டும் அப்பா, ஊருக்குப் போனால் அங்குள்ள மலையிலும் ஓட்டலாமே?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கேரள எல்லை மலைகளில் ஜீப்பில் சென்று நான் கவனித்தவற்றைக் கொண்டு இதற்கு விடை கூறுகிறேன்.

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கு செல்லும் ஜீப் தடம் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து ஏறுகிறது. கல்லும் பள்ளமும் நிறைந்த தடம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் சரிவு. பாலக்காடு மாவட்டத்து நெல்லியாம்பதியிலும் தோட்டங்களின் உட்பகுதிக்கு இத்தகைய தடங்கள் உண்டு. இங்கெல்லாம் ஜீப்பே ஆட்சி செய்கிறது. காரணங்களைப் பார்ப்போம்.

1. நீளம்: வளைவில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பழைய வில்லிஸ் ஜீப்பின் முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் ஏறத்தாழ 2 மீட்டர். நான்கு கதவு ஃபோர்டு எஃப்-150 வண்டியில் பொதுவாக 3.7 மீட்டர். முன் சக்கரம் 8 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், ஜீப்பின் பின் சக்கரம் சுமார் 25 செ.மீ. உள்ளே வரும், டிரக்கினுடையது சுமார் 90 செ.மீ. குறுகிய தடத்தில் அந்த இடைவெளிதான் உயிர். எஞ்சின் எவ்வளவு பலமானாலும் இதை மாற்ற இயலாது.

2. இறக்கம்: 2 டன் வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். பிரேக்கை மட்டும் நம்பினால் அவ்வளவு வெப்பமும் பிரேக்கில்தான் ஏறும். சூடேறிய பிரேக் பிடிக்காது. ஆகவே ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் உருட்டவே கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டிக்குப் பழகியவர்கள் இதை மறக்கலாகாது.

3. வழிவிடுதல்: இருவண்டி செல்ல இடமில்லாத மலைச்சாலையில், இறங்கும் வண்டி ஒதுங்கி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதி. சரளைக் கல்லில் ஏறும்போது நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம். சக்கரம் வழுக்கிச் சுழலும். எதிரே வண்டி வருகிறதா என்பதை வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து அறிய வேண்டும்.

4. இருக்கை: அங்கே ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். சரிவு இடப்பக்கம் இருந்தால், அந்தப் பக்கத்துச் சக்கரம் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஐயம் வந்தால் ஒருவர் இறங்கி நின்று கைகாட்ட வேண்டும். இதில் வெட்கம் எதற்கு?

எனவே பிள்ளைகளுக்கு என் விடை இதுதான்: அகன்ற சாலையில் பெற்ற தேர்ச்சி வேறு, தோட்டத் தடத்தில் பெற்ற தேர்ச்சி வேறு. சூரியநெல்லியில் வாடகை ஜீப் கிடைக்கும். ஓட்டுநர்களில் பலர் தோட்டத் தமிழ்க் குடும்பத்தினர். ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர்கள். அவர்கள் வண்டியில் ஏறினால் குடும்பம் பத்திரமாகத் திரும்பும், அவர்களுக்கும் பிழைப்பு. முன்இருக்கையில் அமர்ந்து அவர்கள் எந்த இடத்தில் கியர் மாற்றுகிறார்கள் என்று கவனியுங்கள். அதைவிட நல்ல பாடம் இல்லை.