பிரதியெடுக்காமல் செய்தி அனுப்புதலும் நினைவகப் பாதுகாப்பும்

ஒரு பெரிய கணிப்பொறிக்குள்ளே பல மெய்நிகர் கணிப்பொறிகளைத் தனித்தனியே இயங்கச் செய்வது இன்று வழக்கமாகிவிட்டது. அவை ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி நினைவகமும் வலையமைப்பு அட்டையும் இருப்பதாகவே கொண்டு வேலை செய்கின்றன. உண்மையில் அவை யாவும் தாய்க் கணிப்பொறிக்கு உரியவை. லினக்ஸ் கர்னலில் இவ்வசதியை அளிக்கும் கே.வி.எம். என்னும் பகுதி 2007ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. மெய்நிகர் கணிப்பொறி ஒன்று வெளியே செய்தி அனுப்பும்போது நினைவகம் எவ்வாறு காக்கப்படுகிறது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

பிரதியின் செலவும் பயனும்

மெய்நிகர் கணிப்பொறி தான் அனுப்ப வேண்டிய செய்தியைத் தன் நினைவகத்தில் எழுதிவைக்கிறது. சாதாரண முறையில், தாய்க் கணிப்பொறி அதைத் தன் நினைவகத்தில் பிரதியெடுத்துக்கொள்கிறது. வலையமைப்பு அட்டை அந்தப் பிரதியைப் படித்துக் கம்பியில் அனுப்புகிறது. பிரதி எடுக்கப்பட்டவுடனே மூலத்தை அழித்துவிடலாம்; தீங்கு ஒன்றும் நேராது. ஆனால் பெரிய செய்திகள் இடைவிடாது செல்லும்போது பிரதியெடுக்கும் வேலையே செயலியின் நேரத்தில் கணிசமான பங்கை விழுங்கிவிடுகிறது.

இச்செலவைக் குறைக்கவே பிரதியெடுக்காமல் அனுப்பும் முறை தோன்றியது. மெய்நிகர் கணிப்பொறியின் செய்திகளைக் கர்னலுக்குள்ளேயே பெற்று அனுப்பும் வீஹோஸ்ட்-நெட் என்னும் பகுதி 2010இல் லினக்ஸில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டில், 2011இல், பிரதியெடுக்காமல் அனுப்பும் வசதி அதில் சோதனை நிலையில் சேர்க்கப்பட்டது. இம்முறையில் வலையமைப்பு அட்டை, மெய்நிகர் கணிப்பொறியின் நினைவகப் பக்கங்களையே நேராகப் படிக்கிறது.

ஆசிரியர்கள் இதனைச் சிலேட்டைக் கொண்டு விளக்கலாம். மாணவன் ஒருவன் சிலேட்டில் எழுதியதைத் தூதுவன் தாளில் எழுதிக்கொண்டு சென்றால், சிலேட்டை உடனே துடைத்துவிடலாம். சிலேட்டையே தூதுவனிடம் கொடுத்தனுப்பினால், படித்தாயிற்று என்ற சீட்டு திரும்பி வரும்வரை அதில் எவரும் கைவைத்தலாகாது. எழுதும் நேரம் மிச்சமாகிறது. ஆனால் காத்திருக்கும் கடமை வந்து சேர்கிறது.

மூன்று அபாயங்களும் அவற்றுக்குரிய காப்புகளும்

முதலாவது, பக்கம் கைமாறுதல். அட்டை படித்து முடிக்குமுன் மெய்நிகர் கணிப்பொறி தன் பக்கத்தைத் திருத்தினால் அதன் செய்தி மட்டுமே கெடும். ஆனால் தாய்க் கணிப்பொறி அப்பக்கத்தை வேறொருவருக்கு அளித்துவிட்டால், அந்த வேறொருவரின் இரகசியம் கம்பியில் வெளியேறிவிடும். ஆதலின் அனுப்பத் தொடங்குமுன் கர்னல் அப்பக்கத்தின் பயன்பாட்டு எண்ணிக்கையை ஒன்று கூட்டி, அதைப் பிடித்துவைக்கிறது. வேலை முடிந்தபின் முடிவறிவிப்பு வருகிறது. அதன் பின்னரே பக்கம் விடுவிக்கப்படுகிறது. இவ்வறிவிப்பு ஒரு பக்கத்துக்குச் சரியாக ஒருமுறை வருதல் இன்றியமையாதது. வராது போனால் பக்கம் என்றும் சிறைப்பட்டிருக்கும். இருமுறை வந்தால் இன்னும் பயனிலுள்ள பக்கம் விடுவிக்கப்பட்டுவிடும். இடையில் பிழை ஏற்பட்டு அனுப்புதல் நின்றுவிடும்போதும் இவ்விதி பொருந்தும். மெய்நிகர் கணிப்பொறியின் இணைப்பை நீக்கும்போதுங்கூட, நிலுவையிலுள்ள அறிவிப்புகள் யாவும் வந்து சேரும்வரை கர்னல் காத்திருக்கிறது.

இரண்டாவது, சோதித்தபின் மாற்றுதல். செய்தியின் தலைப்பகுதியில் முகவரி, அளவு முதலியன உள்ளன. தாய்க் கணிப்பொறி அவற்றைச் சோதித்து ஏற்றுக்கொண்ட மறுகணமே தீய எண்ணங்கொண்ட மெய்நிகர் கணிப்பொறி அவற்றை மாற்றிவிடக்கூடும். ஆதலால் தலைப்பகுதி மட்டும் முதலில் பிரதியெடுக்கப்பட்டு, அப்பிரதியே சோதிக்கப்படுகிறது, அதுவே பயன்படுத்தவும்படுகிறது. எஞ்சிய உடற்பகுதியே பிரதியின்றிச் செல்கிறது.

மூன்றாவது, தாமதம். செய்தி அதே தாய்க் கணிப்பொறியிலுள்ள மற்றொரு மெய்நிகர் கணிப்பொறிக்குச் செல்வதாகக் கொள்வோம். பெறுபவர் அதனை எடுத்துக்கொள்ளாது வாளாவிருந்தால், அனுப்பியவரின் பக்கங்கள் வரம்பின்றித் தேங்கிவிடும். இத்தகைய இடங்களில் கர்னல் அப்போதே பிரதியெடுத்துக்கொண்டு மூலப் பக்கத்தை விடுவித்துவிடுகிறது. எனினும் வேகம் குறைந்த வரிசை ஒன்றில் செய்தி சிக்கிக்கொண்டால் தாமதம் நேரவே செய்யும். வீஹோஸ்ட்-நெட் பிரதியின்றி அனுப்பியவற்றின் முடிவை வரிசைப்படியே தெரிவிப்பதால், முன்னுள்ள ஒன்று தாமதித்தால் பின்னுள்ளவை யாவும் காத்து நிற்கின்றன.

எங்கே பயன், எங்கே வீண்

பக்கத்தைப் பிடித்துவைப்பதற்கும் அறிவிப்பை அனுப்புவதற்கும் செலவு உண்டு. அச்செலவு, சிறு செய்தியைப் பிரதியெடுக்கும் செலவினும் மிகுதியாகலாம். இதனாலேயே வீஹோஸ்ட்-நெட் 256 பைட்டுக்குக் குறைந்த செய்திகளைப் பிரதியெடுத்தே அனுப்புமாறு அமைக்கப்பட்டது. சாதாரண நிரல்களுக்கும் இத்தகைய வசதி 2017இல் லினக்ஸ் 4.14ஆம் பதிப்பில் வந்தது. சுமார் 10 கிலோபைட்டுக்கு மேற்பட்ட செய்திகளுக்கே அது பொதுவாகப் பயன் தரும் என அதன் விளக்கவுரை கூறுகிறது.

2019இல் வீஹோஸ்ட்-நெட்டில் இவ்வசதி இயல்பு நிலையில் நிறுத்திவைக்கப்பட்டது. மேற்கூறிய வரிசைத் தேக்கமும், பிரதியெடுக்கும் வழி இதற்குள் சீர்திருத்தப்பட்டுச் சிறு செய்திகளில் விரைவு மிக்கதாகிவிட்டதும் அதற்குக் காரணங்களாகும். தேவைப்படுவோர் இதனை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். ஆதலின் கணிப்பொறி நிலையங்களைப் பராமரிக்கும் பணியாளர்கள் வேகத்தை மட்டும் கருதி இதனை இயக்குதல் தகாது. செய்திகளின் அளவு யாது, ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்வோர் ஒருவரையொருவர் நம்பத்தக்கவரா என்பவற்றை ஆராய்ந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. பிரதியெடுத்தல் செலவாவதோடு காப்பாகவும் அமைவது எவ்வாறு?
2. முடிவறிவிப்பு இருமுறை வந்தால் நேரும் தீங்கு யாது?
3. தலைப்பகுதியை மட்டும் பிரதியெடுப்பதன் காரணத்தைச் சிலேட்டு உவமையைக் கொண்டு விளக்குக.