கால் எலும்பு வலியோடு ஓடும் பிள்ளைகள்

கல்லூரி ஓட்டப் பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் சொல்லும் வலி ஒன்று உண்டு. முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பை ஒட்டி வலிக்கும். தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் ஓடுவார்கள். போட்டி நெருங்கிவிட்டால் வீட்டில்கூடச் சொல்லமாட்டார்கள்.

எலும்பின் உள்விளிம்பு நெடுகிலும் தொட்ட இடமெல்லாம் வலித்து, ஓடத் தொடங்கியதும் குறைந்தால் பெரும்பாலும் பயமில்லை. சில வாரம் ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரே இடத்தில், நாணய அளவில் குத்தி, ஓட ஓடக் கூடி, நடக்கும்போதும் படுத்தபிறகும் வலித்தால் எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்திருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். தொடை இடுக்கில் வலித்தால் இன்னும் அவசரம்; தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் அறுவை சிகிச்சைதான்.

விழாமலே எப்படி விரிசல் வரும்? ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல 2, 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. அதைத் தாங்க எலும்பு தன்னைப் புதுப்பிக்கும். ஆனால் பழையதைக் கரைத்த பிறகே புதியதைக் கட்டும். கரையச் சில வாரம், கட்டி முடிக்கச் சில மாதம். அதற்குள் மூச்சும் தசையும் தேறிவிடுவதால், இன்னும் ஓடலாம் என்றே பிள்ளைக்குத் தோன்றும். விடுமுறையெல்லாம் சும்மா இருந்துவிட்டு, கல்லூரி திறந்ததும் இருவேளை ஓடுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். முதல் 2, 3 வாரங்களில் இந்த விரிசல் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். அதற்குச் செலவு அதிகம்தான். முடியாதவர்கள், விரிசல் என்றே வைத்துக்கொண்டு ஓய்வு கொடுத்து, சில வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முன்கால் எலும்பு விரிசல் ஆற வழக்கமாக 6 முதல் 8 வாரம் ஆகும்.

தாய்மார்களுக்கு ஒன்று. ஓடும் மகளுக்கு 3 மாதமாக மாதவிடாய் வராவிட்டால், பயிற்சி செய்தால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். ஓட்டத்துக்கு ஈடான சாப்பாடு உடலுக்குப் போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு மெலியும். குறைவாகச் சாப்பிட்டு ஓடும் ஆண் பிள்ளைகளின் எலும்பும் இப்படிக் கெடும் என்று 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும் எடுத்துச் சொன்னது. நோன்பு மாதத்தில் பயிற்சியைக் குறைக்கச் சொல்லி, இஃப்தாருக்கும் ஸஹருக்கும் நடுவே வயிறாரச் சாப்பிட வையுங்கள்.

ஓய்வு முடிந்தவுடன் பழைய வேகத்தில் ஓட விடவேண்டாம். வலியில்லாமல் நடக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சிறிது ஓட்டம், சிறிது நடை. வலி திரும்பினால் அன்றைக்கு அவ்வளவுதான்.